ஜனாதிபதிக்கு இலவசம்

ஜனாதிபதியை அவன், இவன் என்று எழுதலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக எழுதலாம் என்பதுதான் பதில். கிளட்ச் டீச்சரின் வீட்டில் அவனுக்கு அந்த மரியாதைதான். வெளியே அவன் மாண்புமிகு. அவன் கார் வந்தால் தெருவே ஒதுங்கி நிற்கும். அந்த வீட்டுப் படியைத் தாண்டிவிட்டால் அவன் வெறும் அவன், அவள் புருஷனைக் கொன்றவன்.

கிளட்ச் டீச்சர் என்று பெயர் வைத்தவர்கள் அவளிடம் கார் ஓட்டப் பழகியவர்கள். "கிளட்ச்! கிளட்ச்! காலு எங்க போச்சு, வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று அவள் போடுகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். கடைவீதி முடிகிற இடத்தில் ஒரே ஓர் அறைதான் பயிற்சிப் பள்ளி. சுவரில் சாலைக் குறிகளின் படம், ஒரு மேஜை, உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிற பெஞ்சு, வாசலில் இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பழைய வெள்ளைக் கார். அவளும் புருஷனும் சேர்ந்து நடத்தியது. அவர் பொறுமைசாலி. திட்டுவதற்கு இவள், தட்டிக்கொடுப்பதற்கு அவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை ஊருக்கு வெளியே மேட்டுச் சாலையில் வண்டி சூடேறி நின்றுவிட்டது. அவர் ஓரமாக நின்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்றார். அவள் சாவியைத் திருப்பினாள். மேட்டிலிருந்து ஒரு கறுப்புக் கார் இறங்கி வந்தது, அவரைத் தூக்கி எறிந்தது, கொஞ்ச தூரம் போய் வேகம் குறைந்தது. ஓட்டியவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, போய்விட்டான்.

அந்த முகத்தை அவள் பார்த்தாள். அப்போது அவன் ஜனாதிபதி இல்லை. ஊர் ஊராகக் கட்டடம் கட்டி விற்ற பணக்காரன், தேர்தலில் நிற்கப்போகிறவன். கடைவீதியில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்த முகத்தை அடையாளம் கண்டுபிடிக்க அவள் பெரிய கெட்டிக்காரியாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

சாயங்காலம் அவனிடம் சம்பளத்துக்கு இருந்த டிரைவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, நான்தான் ஓட்டினேன் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். மறைத்ததோடு விடாமல், அந்தச் சோற்றைப் பிசைந்து ஊருக்கே ஊட்டிவிட்டார்கள். கோர்ட்டில் டீச்சர் பார்த்ததைச் சொன்னாள். செத்தவரின் மனைவி, அதிர்ச்சியில் இருந்தவள், அவள் சொல்வதை எப்படி நம்புவது என்று தள்ளிவிட்டார்கள். டிரைவர் கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்தபோது அவனுக்கு மாடி வைத்த வீடு ஒன்று தயாராக இருந்தது.

டீச்சர் மேல்முறையீடு செய்தாள். அது விசாரணைக்கு வருகிற நேரத்தில் தேர்தலும் வந்தது, அவன் ஜெயித்தும் தொலைத்தான். வழக்கு படுத்துக்கொண்டது.

"பதவியில இருக்கற வரைக்கும் அவன் மேல எந்தக் கோர்ட்டும் கேஸ் எடுக்காது அண்ணி. நடந்துட்டு இருக்கற கேஸும் அப்படியே நின்னுரும். சட்டம் அது" என்றாள் நாத்தனார்.

நாத்தனார்தான் வக்கீல். அண்ணன் கல்யாணத்தன்று, "எங்கண்ணனுக்கு வேற பொண்ணே கிடைக்கலையா?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னவள். அதற்குப் பிறகு இருவரும் திரைச்சீலையின் நிறத்திலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் சண்டை போட்டிருக்கிறார்கள். அவர் போனபிறகு சண்டை நின்றுவிட்டது. பாசம் வந்துவிட்டது என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். இருவருக்கும் ஒரே எதிரி கிடைத்துவிட்டான், வீட்டுச் சண்டைக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

"சரி, பதவி எப்ப முடியும்?"

"முடியணும்னு அவன் நினைச்சாத்தானே? வந்ததும் போட்ட முதல் சட்டமே பதவிக் காலத்தை நீட்டறதுக்குத்தான். எத்தனை தடவை வேணும்னாலும் நிக்கலாம்னு அடுத்த சட்டம்."

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் நிதானமாக நிற்கட்டும், தன்னால் நிற்க முடியாது என்பது டீச்சரின் கட்சி. ராத்திரி படுத்தால் அந்தத் திரும்பிய தலை வரும். நின்று இறங்கியிருந்தால், ஓடிவந்து தூக்கியிருந்தால், இவ்வளவு வெறி வந்திருக்காது. அவன் பார்த்தான். பார்த்துவிட்டுப் போனான். அதை அவன் வாயால் சொல்லவேண்டும், நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும், சட்டம் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஒருநாள் அவன் கார் வரிசை போகும்போது கூட்டத்தில் புகுந்து, "கொலைகாரா!" என்று கத்தினாள். போலீஸ் பிடித்துக்கொண்டுபோய், டீ வாங்கிக் கொடுத்து, "வீட்டுக்குப் போங்கம்மா, வயசானவங்க இருப்பாங்கல்ல, பார்த்துக்குங்க" என்று அனுப்பிவிட்டது. வழக்குகூடப் போடவில்லை. அவமானத்தில் அன்று முழுக்க அவள் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை.

நாத்தனார் மட்டும் அன்று அதைக் கேட்டுவிட்டு யோசனையாக உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, யாரும் அவன் மேல கேஸ் போட முடியாது. ஆனா அவன் யார் மேல வேணும்னாலும் போடலாம்."

"போட்டு?"

"போட்டா அவன் வாதி. கூண்டுல ஏறணும், சத்தியம் பண்ணணும், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டா பதில் சொல்லணும். பதவிங்கற குடை, யாராவது அவனைக் கோர்ட்டுக்கு இழுத்தாத்தான். அவனா கோர்ட்டுக்கு வந்தா குடையை வெளியில மடக்கி வெச்சிட்டுத்தான் வரணும். எதிர்த்தரப்பு வக்கீல் யாருன்னு நெனைக்கறீங்க? நான்தான்."

"அப்ப அவனை என் மேல கேஸ் போட வைக்கணும்."

"ஆமா. அவனுக்கு ரோஷம் வர மாதிரி ஏதாவது சொல்லுங்க. உங்க வாய்க்கு அது கஷ்டமா என்ன?" என்றாள் நாத்தனார். பழைய கணக்கை அந்த நேரத்திலும் அவள் விடவில்லை.

டீச்சர் முயன்று பார்த்தாள். திருடன் என்று எழுதி ஒட்டினாள், பொய்யன் என்று ஒட்டினாள், கொலைகாரன் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினாள். ஆள் அனுப்பிக் கிழித்துப்போட்டார்கள், அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வார்த்தைகளையெல்லாம் கேட்டுக் கேட்டு அவன் தோல் தடித்துப்போயிருந்தது. அவனுக்கு எங்கே வலிக்கும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

அதை அவனேதான் காட்டிக்கொடுத்தான். ஒரு பெரிய பாலத்தைத் திறந்துவைக்க வந்தவன், திறந்த காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தான். தேர்தல் சமயத்திலிருந்தே அவனுக்கு அந்தப் பகட்டு உண்டு. 'நாட்டின் ஸ்டியரிங் என் கையில்' என்பதுதான் அவன் கட்சியின் கோஷம். ஸ்டியரிங் பிடித்த அவன் படம் இல்லாத அரசு அலுவலகம் கிடையாது. பாலத்து ஏற்றத்தில் பூங்கொத்து வாங்குவதற்காக வண்டியை நிறுத்தினான். எடுத்தான், நின்றுவிட்டது. மறுபடி எடுத்தான், குலுங்கி நின்றுவிட்டது. மூன்றாவது தடவை வண்டி பின்னால் உருண்டுபோய், பாண்டு வாத்தியக்காரர் ஒருவரின் பெரிய டிரம்மைக் கிழித்துக்கொண்டு நின்றது. இறங்கிவந்து, பாலத்தின் ஏற்றமே சரியில்லை என்று நிருபர்களிடம் சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மறுநாள் அந்தப் பாலம் கட்டிய இன்ஜினியரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

டீச்சர் அதை டிவியில் பார்த்தபோது பக்கத்தில் ஒரு துணி மொத்த வியாபாரி, உரிமத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர், வகுப்புக்காக உட்கார்ந்திருந்தார். "டீச்சர், நானே பரவாயில்லை போலிருக்கே" என்றார் அவர். டீச்சர் வயிறு வலிக்கச் சிரித்தாள். புருஷன் போனபிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. இந்தக் காலா அவரைக் கொன்றது, இந்த பிரேக் பிடிக்கத் தெரியாத காலா என்று வந்தது. திட்டம் போட்டெல்லாம் அவள் செய்யவில்லை. பெயிண்ட் டப்பாவைத் திறந்து, வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள்:

மேட்டில் நின்ற காரை எடுக்கத் தெரியவில்லையா? பத்தே நாளில் பழகலாம். ஜனாதிபதிக்கு இலவசம்.

யாரோ படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது ஊரிலிருந்த எல்லா செல்போனிலும் ஏறிவிட்டது. ஒரு பத்திரிகைக்காரர் வந்து மைக்கை நீட்ட, "அவருக்கு ஓட்டவே தெரியாதுங்க. தன் சொந்தக் காரைக்கூட ஆள் வெச்சுத்தானே ஓட்டினாரு? என்கிட்ட வந்தா மொதல்ல சைக்கிள்லதான் ஏத்துவேன்" என்றாள் டீச்சர்.

கொலைகாரன் என்றபோது வராத ரோஷம் அதற்கு வந்துவிட்டது. ஜனாதிபதியே கையெழுத்திட்ட மானநஷ்ட வழக்கு வீடு தேடி வந்தது. தன் ஓட்டும் திறமையைப் பழித்துத் தன் பெயரைக் கெடுத்துவிட்டாள், இவள் கோர்ட்டில் தன் முன்னால் நின்று, தன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அதில் கேட்டிருந்தான். நாத்தனார் அதைப் படித்துமுடித்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் அது புதுசு என்பதால் உடனே விலகி, தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

வழக்கைக் கேட்ட நீதிபதி வீரர் இல்லை. அப்படி யாராவது எதிர்பார்த்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், அவர் பயந்த மனுஷர். வாயில் எப்போதும் ஒரு தொண்டை மிட்டாய் அடக்கியிருப்பார். ஜனாதிபதி வாதியாக வந்து நின்றதைப் பார்த்ததும் மிட்டாயை விழுங்கியேவிட்டார். ஆனால் பயந்தவர்களில் ஒரு ஜாதி உண்டு. யார் பக்கம் சாய்ந்தாலும் ஆபத்து என்று சட்டப் புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொள்கிறவர்கள். அவர் அந்த ஜாதி. பக்கத்துக்குப் பக்கம் விதியைப் பார்த்துத்தான் மூச்சுவிடுவார்.

ஜனாதிபதி கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். காவலர்கள் வெளியே நிற்கவேண்டியதாயிற்று. டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நாத்தனார் எழுந்தாள். "மேட்டுச் சாலையில, என் அண்ணன் செத்த அன்னைக்குக் காலையில..."

ஜனாதிபதியின் பக்கத்திலிருந்து, மடிப்புக் கலையாத கோட்டுப் போட்ட பெரிய வக்கீல் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். அந்த வழக்கு நிறுத்திவைக்கப்பட்ட வழக்கு."

நீதிபதி புத்தகத்தைப் புரட்டினார். "அந்தச் சாவைப் பற்றி ஒரு கேள்வியும் கூடாது."

நாத்தனார் வேறு வழியில் வந்தாள். கூடாது என்றார். இன்னொரு வழியில் வந்தாள். அதுவும் கூடாது என்றார். இத்தனை பாடுபட்டு ஆளைக் கூண்டுவரை கொண்டுவந்து, வாயைத் திறக்கவைக்க முடியாமல் போகப்போகிறது என்று டீச்சருக்குப் பட்டது. ஜனாதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதைக் கண்டதும் நாத்தனாரின் முகம் மாறியது. திரைச்சீலைச் சண்டையில் டீச்சர் பார்த்திருக்கிற முகம் அது. இனிமேல் அவள் யாரையும் விடமாட்டாள்.

"சரிங்க ஐயா. சாவைப் பத்திக் கேக்கலை. யார் செத்தாங்கன்னுகூடக் கேக்கலை. வண்டி ஓட்டறதைப் பத்தி மட்டும் கேக்கறேன். இவருக்கு ஓட்டத் தெரியாதுன்னு எங்க தரப்பு எழுதினது. அது உண்மைன்னு காட்டறதுக்கு எங்களுக்கு உரிமை இருக்கா இல்லையா?"

"இருக்கிறது" என்றார் நீதிபதி, பக்கத்தைப் பார்த்துவிட்டு.

"இவருகிட்ட ஒரு கறுப்புக் கார் இருக்கு. அதை ஓட்டினது சம்பளத்துக்கு இருந்த டிரைவர்னு உங்க கோர்ட்டே தீர்ப்பு குடுத்திருக்கு. சொந்தக் காரையே ஓட்டத் தெரியாம ஆள் வெச்சிருந்தவர் இவருங்கறதுக்கு எங்க சாட்சி அந்தத் தீர்ப்புதான். அந்தக் காரை யார் ஓட்டுவாங்கன்னு அவரே சொல்லட்டும்."

பெரிய வக்கீல் குதித்தார். நீதிபதி நெடுநேரம் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் நெற்றியில் வியர்வை வந்தது. விதி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. "யார் ஓட்டுவார்கள் என்று கேட்கலாம்" என்றார் கடைசியில்.

பெரிய வக்கீல் கூண்டைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். ஜனாதிபதிக்கும் புரிந்தது. "சில சமயம் டிரைவரும் ஓட்டுவார்" என்றான்.

"எந்த சமயம்? மேடு வந்தாவா?" என்றாள் நாத்தனார்.

பின்வரிசையில் யாரோ கமுக்கமாகச் சிரித்தார்கள்.

"மேடெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை."

"அப்ப எதுக்கு டிரைவர்? கியர் போட ஆள் வேணும்னா?"

அப்போது டீச்சர் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, வகுப்பில் சிரிக்கிற மாதிரியே சிரித்தாள். பழக வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்காதே, சிரித்தால் கால் பதறும் என்று அவள் புருஷன் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். ஜனாதிபதி அன்று முதல் தடவையாக அவள் பக்கம் தலையைத் திருப்பினான். முகம் சிவந்துபோயிருந்தது.

"அந்தப் பயலுக்கு அந்த வண்டியில ரிவர்ஸ் கியர் எங்க இருக்குன்னே தெரியாது!" என்று கூண்டின் கட்டையில் அறைந்தான். "அந்த ஸ்டியரிங்கை என்னைத் தவிர ஒருத்தன் தொட்டதில்லை. வாங்கின நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒருநாள்கூட ஒருத்தனும் தொட்டதில்லை. என் பொண்டாட்டிகிட்டகூட நான் சாவியைக் குடுத்ததில்லை! எனக்கா ஓட்டத் தெரியாது?"

நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெட்டது நாட்டின் முதல் நுணல். பெரிய வக்கீல் மெல்ல உட்கார்ந்து, கோட்டு மடிப்பைக் கலைத்துக்கொண்டார்.

"எனக்கு வேற கேள்வி இல்லைங்க ஐயா" என்றாள் நாத்தனார்.

இரண்டு நாள் கழித்து டீச்சரின் பள்ளிக்கு அந்தப் பழைய டிரைவர் வந்தான். சாய்கிற பெஞ்சில் உட்காராமல் நின்றான். அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே டீச்சரின் புருஷன்தான், அந்த அறையில், அந்தக் காரில்.

"டீச்சர், அவங்க கேஸை வாபஸ் வாங்கிக்கறேங்கறாங்க. சாட்சியெல்லாம் முடிஞ்சதால உங்க சம்மதம் இல்லாம வாங்க முடியாதாம். நீங்க சரின்னு சொன்னா போதும். என்ன வேணும்னாலும் செஞ்சு குடுப்பாங்க."

"செத்தவரை எழுப்பிக் குடுப்பாங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "நான் பொய் சொன்னேன்னு ஆயிரும் டீச்சர். வீட்டைப் பிடுங்கிருவாங்க. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

"இருக்கட்டும். உங்கப்பா யாரையும் கொல்லலை, கொன்னேன்னு சொல்லி மாடி வீடு வாங்கினாருன்னு அதுங்களுக்கும் தெரியட்டும். எங்க வீட்டுக்காரரு கத்துக்குடுத்த தொழிலை வெச்சு அவரு சாவையே வித்துட்டு வந்தியே. உனக்கு நான் என்னடா பாவம் பண்ணேன்?"

அவன் அழுதான். டீச்சருக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்று அவள் வெட்கப்படவும் இல்லை. அவன் அழுவதைப் பார்க்க நன்றாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். "சம்மதம் இல்லைன்னு போய்ச் சொல்லு" என்று கதவைக் காட்டினாள்.

தீர்ப்பு வந்தது. ஜனாதிபதி ஜெயித்துவிட்டான்.

வாதிக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும், தன் கறுப்புக் காரை வாங்கிய நாளிலிருந்து அவர் ஒருவரே ஓட்டிவந்திருக்கிறார், வேறு எவரும் அதை ஓட்டியதில்லை, ஆகவே பிரதிவாதி எழுதியது அவதூறு, வாதி கேட்டபடி அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நீதிபதி தலையைத் தூக்காமல் வாசித்தார். ஒவ்வொரு வரியும் வாதி சத்தியம் செய்து சொன்னது. அதை மாற்றி எழுத எந்த விதியும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. டீச்சருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நாத்தனார் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

வெளியே கட்சிக்காரர்களுக்கு ஜெயித்தது மட்டும்தான் தெரிந்தது. ஜனாதிபதிக்கு மாபெரும் வெற்றி என்று கொடி ஆட்டினார்கள். டிவியில் நாள் முழுக்க அதுதான். கொடி ஆட்டியவர்களில் கொஞ்சம் யோசிக்கத் தெரிந்தவர்கள், வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது, ஐயையோ என்று நினைத்திருப்பார்கள்.

"தோத்தது நானு. மேல்கோர்ட்டுக்குப் போனா நான்தான் போகணும், இல்லையா?" என்றாள் டீச்சர்.

"நாம போகமாட்டோம். அவன் போகணும்னா எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டுத்தான் போகணும். அப்படிச் சொன்னா சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதுக்கு உள்ள போகணும். குடையை அவனே மடக்கி வெச்சிட்டு வந்து சொன்ன பொய் அது, அதுக்கு விலக்குக் கிடையாது" என்றாள் நாத்தனார். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி. நீங்க மன்னிப்புக் கேட்டா மட்டும் போதாது. ஏத்துக்கிட்டேன்னு வாதி தன் வாயால சொல்லணும். சொன்னாத்தான் தீர்ப்பு முடிஞ்சு முத்திரை விழும். முத்திரை விழுந்தா அப்புறம் அவன் தாத்தா வந்தாலும் அழிக்க முடியாது. என்னைக்கு இருந்தாலும் நாற்காலியை விட்டு இறங்கித்தானே ஆகணும்? உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும். அன்னைக்கு நம்ம பழைய கேஸ் எந்திரிக்கும். சாட்சி அவனே."

மன்னிப்பு நாளன்று அறையில் நிற்க இடமில்லை. துணி வியாபாரிகூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அவன் வரமாட்டான் என்று நிறையப் பேர் சொன்னார்கள். ஆனால் ஒரு பெண் என் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஊரைக் கூட்டி வழக்குப் போட்டவன், அவள் கேட்கத் தயாராக நிற்கும்போது எங்கே ஒளிவது? வந்தான். மெலிந்த மாதிரி இருந்தான். அவனுக்குப் பின்னால் பெரிய வக்கீல் இல்லை, வேறு யாரோ ஒரு சின்ன வக்கீல் வந்திருந்தார்.

படிக்கவேண்டியதை நீதிபதியே தீர்ப்பிலிருந்து எடுத்து எழுதிக் கொடுத்திருந்தார். ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது என்று நாத்தனார் வீட்டில் வைத்தே எச்சரித்திருந்தாள். டீச்சர் அவனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். இவ்வளவு பக்கத்தில் அவனை அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தபோது நடுவில் ஒரு சாலை இருந்தது, சாலையில் அவர் கிடந்தார். தாளைப் பிரித்தாள். குரல் நடுங்கவில்லை.

"ஜனாதிபதி அவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று நான் எழுதியதும் சொன்னதும் தவறு. அவருடைய கறுப்புக் காரை வாங்கிய நாள் முதல் இன்றுவரை அவர் ஒருவரே ஓட்டினார். வேறு எவரும், ஒருநாளும், அதை ஓட்டியதில்லை. இதற்கு மாறாகச் சொன்னதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, வகுப்பில் புதுசாக வந்தவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். 'ஒருநாளும்' என்ற இடத்தில் அறையில் ஒரு முனகல் கிளம்பியது. வாசலோரம் நின்ற போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நீதிபதி ஒரு புது மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, விதியைப் பார்த்தார். "வாதி இந்த மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறாரா?"

சின்ன வக்கீல் அவன் காதில் என்னவோ சொன்னார். அவன் கையை உதறினான். கூரையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். கடைசியில் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லாமல் அவளைப் பார்த்தான். டீச்சர் கண்ணை எடுக்கவில்லை. சொல்லுடா, என்று மனதுக்குள் சொன்னாள். அன்று மாதிரி பார்த்துவிட்டுப் போகமுடியாது, இன்று சொல்லிவிட்டுப் போ.

அவன் உதடு அசைந்தது.

"கேக்கலை" என்றாள் டீச்சர்.

"பிரதிவாதி பேசக் கூடாது" என்றார் நீதிபதி. பிறகு பயந்து பயந்து, ஆனாலும் விதிப்படி, "எனக்கும் கேட்கவில்லை. வாதி உரக்கச் சொல்லவேண்டும்" என்றார்.

"ஏத்துக்கறேன்" என்றான் ஜனாதிபதி. அது வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டது.